வட்டத்தில் போட்ட கையெழுத்து

ஷிபானிதியை மேனேஜர் ரூமுக்குள் கூப்பிட்ட அந்த அரை மணி நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தப்பு செய்தவள் நான். மாட்டிக்கொண்டவர் அவர்.

சங்கத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கொல்கத்தாவில் டாக்குரியா பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் சட்டைக் கம்பெனியில் நான் செக்கர். தைத்து வரும் சட்டையில் பிசிறு, தையல் விட்ட இடம் பார்ப்பது என் வேலை. வேலை நேரத்தில் பின்பக்கக் கதவைப் பூட்டிவிடுவார்கள். தீப்பிடித்தால் அத்தனை பேருக்கும் ஒரே படிக்கட்டு. அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி மேனேஜருக்கு மனு எழுதினோம். சங்கம் அப்போது பதிவாகவில்லை. காலர் தைக்கும் ரெஹானாதிதான் எங்களை ஒன்று சேர்த்தவர். இங்கே அக்காவுக்கு ‘திதி’; பெயரோடு சேர்த்தால் ‘தி’.

மனுவில் கையெழுத்தை வட்டமாகப் போடுவோம். யார் முதலில் போட்டார் என்று தெரியக் கூடாது. முதல் பெயருக்குத்தான் முதல் அடி. பட்டன் தைக்கும் ஷிபானிதி பயந்த சுபாவம். இரண்டு நாள் தயங்கி, கடைசி ஆளாக, மிச்சமிருந்த இடுக்கில் பெயரை நுணுக்கி எழுதினார்.

டீ நேரத்தில் கை மாறி மாறி வந்த தாளில் ஏகப்பட்ட கறை. எனக்கோ எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். பேங்க் ஆபீசரான அப்பாவிடமிருந்து ஒட்டிய வியாதி. யாரையும் கேட்காமல் பெயர்களுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு டைப் செய்து, மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டேன். நான் தாளைப் பிடித்த வாகில் மேலே இருந்தது ஷிபானிதியின் பெயர். நம்பர் ஒன்.

மறுநாள் காலையே கூப்பிட்டுவிட்டார்கள்.

“நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லிடறேன்” என்றேன் ரெஹானாதியிடம்.

“என்ன சொல்லுவே? லீடர் இவ இல்லேன்னா, வேற யாருன்னு கேப்பான். பேசாம சட்டையைப் பாரு.”

பார்த்தேன். அன்று நான் பாஸ் போட்ட சட்டைகளில் பாதி திரும்பி வந்தன.

ஷிபானிதி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை முழுதும் குடித்துவிட்டு எங்கள் இருவரிடமும் சொன்னார்: “நீதான் லீடரான்னு கேட்டான். இல்லேன்னா உங்க பேரைச் சொல்லணுமே. ஆமான்னுட்டேன்.”

“ஐயோ, திதி!” என்றேன்.

“லீடர்னு சொன்னப்புறம் சும்மா இருக்க முடியுமா? கதவைப் பத்தியும் கேட்டுட்டேன்.”

அவரை மெஷினிலிருந்து நூல் வெட்டும் மேஜைக்கு இறக்கினார்கள். சில நாளில் பின்பக்கக் கதவின் பூட்டும் போனது. பிறகு சங்கம் பதிவானபோது, தலைவியாக அவர் பெயரைச் சொன்னதே ரெஹானாதிதான்.

நான் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டேன். ஷிபானிதி திட்டவில்லை. “வட்டத்தைப் பார்த்தப்போ, எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு உனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரலையா?” என்று மட்டும் கேட்டார்.

வரவில்லை. அதனால் சொல்கிறேன்: மனுவுக்கு நகல் வேண்டுமென்றால் ஜெராக்ஸ் எடுங்கள். டீக்கறையோடு.