ஒரு குழாயில் ஒரு கொசு

கொசு பிடிக்கவா சம்பளம் என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அந்தச் சம்பளத்தில்தான் அவர் இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தினார்.

பத்தொன்பது வயதில் மலேரியா அலுவலகத்தில் சேர்ந்தபோது முதுகில் மருந்துத் தொட்டியை மாட்டிவிட்டார்கள். சுவர் சுவராக மருந்தடித்தார். அப்புறம் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. கை நடுங்காது, குழந்தைகள் அழாது என்று பெயர் வாங்கினார். அதற்கும் பிறகுதான் கொசு சேகரிப்பவர் ஆனார். ஒரு கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய், அதன் மறுமுனையில் கண்ணாடிக் குழல். விடிந்ததும் வீடுகளுக்குள் போய், இரவெல்லாம் ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் அசந்து உட்கார்ந்திருக்கும் கொசுவை மெல்ல உறிஞ்சிக் குழலுக்குள் இழுப்பார். வாய்க்குள் போகாமலிருக்க நடுவில் ஒரு வலைத்துண்டு உண்டு.

"வலை கிழிஞ்சிருந்தா என்னப்பா ஆகும்?" என்று மகள் சின்ன வயதில் கேட்டாள்.

"இதுவரைக்கும் பதினேழு முழுங்கியிருக்கேன். உப்புக் கம்மி."

அலுவலகத்தில் அவரை ஊதுகுழல் என்றுதான் கூப்பிட்டார்கள். "ஊதறதில்லடா மடப்பசங்களா, உறியறது" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். பெயர் மாறவில்லை.

மகள் பள்ளியில் இருந்தவரை அப்பா சுகாதாரத் துறையில் வேலை பார்க்கிறார் என்று மட்டும் சொன்னாள். கல்லூரியில் மரபணுவியல் படித்தாள். மலேரியா ஒட்டுண்ணியையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து வந்த ஆர்வம் என்று மற்றவர்கள் சொன்னபோது மறுக்கவில்லை. வேலை கிடைத்த ஆய்வகத்துக்குக் கொசுவும் ரத்தமும் அனுப்புவது அப்பாவின் அலுவலகம்தான் என்பது சேர்ந்த பிறகே தெரிந்தது.

ஆற்றோரம் இருந்த இரண்டு குடியிருப்புகளில் முப்பத்தெட்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வாரம் ஒரு நாள் அந்த வீட்டு ஆட்களிடம் ஒரு சொட்டு ரத்தம். அதே காலையில் அந்த வீட்டுக் கொசுக்கள். ஒரு குழாயில் ஒரு கொசு, அதுதான் விதி. இறக்கையும் காலும் தனி உறையில். வீட்டு எண்ணை மையால் எழுதினால் ஸ்பிரிட் பட்டு ஓடிவிடும் என்று பென்சிலால் எழுதுவார்கள். நான்கு பேர் சேகரித்தார்கள். அப்பா நான்காம் எண்.

மகளுடைய வேலை எண்ணுவது. மலேரியா ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே அச்சு அல்ல. அவற்றின் ஒரு மரபணுவில் சில எழுத்துகள் வகைக்கு வகை மாறும். அந்தத் துண்டை மட்டும் படித்தால், ஒரு மனிதனின் ரத்தத்தில் எத்தனை வகை இருக்கிறது, ஒரு கொசுவின் உடம்பில் எத்தனை வகை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மனிதர்களில் பெரும்பாலும் இரண்டு வகை, மிஞ்சினால் மூன்று. முதல் மூன்று பேர் பிடித்த கொசுக்களிலும் அப்படியே. நான்காம் எண்ணின் கொசுக்களில் ஆறு, ஏழு. ஒன்றில் பதினொன்று.

ஒட்டுண்ணி இருந்த அவருடைய குழாய்கள் முப்பத்தொன்று. அவள் அந்தப் பட்டியலை இரண்டு நாள் பார்த்தாள். ஒரு வீட்டு ஆட்களிடம் இரண்டு வகைதான் இருக்கிறது, அந்த வீட்டுக் கொசுவிடம் ஏழு எப்படி வரும்? ஒரு குழாயில் நான்கைந்து கொசுக்களைப் போட்டிருந்தால் வரும். ஐம்பது வயதாகிறது, குனிந்து நிமிர முடியவில்லை, உறை மடிக்கச் சலிப்பு, சேர்த்துப் போட்டிருக்கிறார். அவளுக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. தோன்ற அவள் நேரம் கொடுக்கவும் இல்லை.

கூட்டத்தில் எழுந்து சொன்னாள். "நாலாவது சேகரிப்பாளரோட மாதிரிகள் கலந்துபோயிருக்கு. எடுத்துடலாம்."

"நாலாவது உங்க அப்பா இல்லையா?" என்று தலைமை ஆய்வாளர் மேடம் கேட்டார்.

"அதனாலதான் மேடம் நான் சொல்றேன்."

மேடம் தலையசைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தப் பதிலை நினைத்து அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்தது. இன்று அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆய்வகத்திலிருந்து அலுவலகத்துக்குக் கடிதம் போனது. அலுவலகம் அவருக்கு ஒரு மெமோ கொடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கொசுக்களை ஒரே குழாயில் இட்டதாகத் தெரியவருகிறது, விளக்கம் தருக. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா, இதை நீயே பார்த்தியா? இல்ல வேற யாராவது பார்த்துச் சொன்னாங்களா?"

"நானேதான்ப்பா பார்த்தேன்."

"மிஷின்லயா?"

"ஆமா."

அவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

திட்டியிருக்கலாம். அப்பாவையே காட்டிக் கொடுத்தியாடி என்று கத்தியிருக்கலாம். அவள் அதற்குப் பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் எழுந்துபோய் விளக்கம் எழுதினார். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை, இனி கவனமாக இருப்பேன் என்று இரண்டே வரி.

அடுத்த வாரம் அம்மா அவரைக் கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். பார்வையில் பெரிய குறை இல்லை, வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அவர் போட்டுக்கொண்டார். வீட்டில் வெறும் குழாய்களை வரிசையாக வைத்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "என்னங்க தேடறீங்க?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல, பழகிக்கறேன்" என்பார். ஆனால் அலுவலகத்தில் குழலை அவரிடம் திரும்பக் கொடுக்கவில்லை. கிடங்குக்கு மாற்றினார்கள். கொசுவலைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி எண்ணும் வேலை. ஐந்து மாதம் எண்ணினார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலைக்கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனது.

மகள் பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பினாள்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. கொசுக்களில் கால் பங்கை நீக்கியிருக்கிறீர்கள், கலந்துபோனதற்கு என்ன ஆதாரம்? மேடம் அவள் மேஜைக்கு வந்தார்.

"ஆதாரம் இருக்கில்ல?"

"ஒட்டுண்ணி எண்ணிக்கைதான் மேடம்."

"அது சந்தேகம். ஆதாரம் கேட்கறாங்க. கொசுவோட மரபணுவைப் பார்த்துடுங்களேன். குழாய்ல எத்தனை கொசுன்னு அதுவே சொல்லிடுமே."

சொல்லிவிடும். முதல் வருஷ மாணவிக்கும் தெரிந்த சங்கதி. ஒட்டுண்ணியை எண்ணியவள் கொசுவை எண்ணவில்லை. ஒன்றரை நாள் வேலை. பொருளெல்லாம் அலமாரியிலேயே இருந்தது. வேறு எவருடைய குழாயாக இருந்திருந்தாலும் அந்த ஒன்றரை நாளைச் செலவழித்திருப்பாள். அப்பாவுடையது என்பதால், சோதித்துப் பார்த்தால் அவருக்குச் சாதகமாக வழி தேடுவதாக ஆகிவிடும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறாள். கொசு பிடிக்கிற ஆள் சோம்பலில் தவறு செய்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை என்பதும் உண்மைதான்.

வயிற்றில் மனித ரத்தமும் ஆண் கொசுவின் விந்தும் கலந்திருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டுத் தலையையும் மார்பையும் மட்டும் எடுத்தாள். புதன்கிழமை மதியம் முடிவு வந்தது. முதல் குழாயில் ஒரு கொசு. இரண்டாவதில் ஒரு கொசு. மூன்றாவதில் ஒன்று. பதினொரு வகை ஒட்டுண்ணி இருந்த குழாயிலும் ஒன்று. முப்பத்தொன்றிலும் ஒன்றே ஒன்று.

கலக்கவில்லை. ஒற்றைக் கொசு அத்தனை வகையையும் சுமந்துகொண்டிருந்தது.

எப்படி என்பதற்கு விடை உறைகளில் இருந்தது. இறக்கைகளை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். மற்ற மூவர் பிடித்தவற்றின் இறக்கைகள் முழுசாக இருந்தன. ஓரத்துச் செதில்கள் வரிசை கலையாமல், புதுத் துணியின் கரை மாதிரி. அவர் பிடித்தவற்றில் இருபத்தாறு நைந்து, செதில் உதிர்ந்து, ஓரம் கிழிந்திருந்தன. வயதான கொசுக்கள். மற்றவர்கள் வெள்ளைச் சுவரில் கண்ணுக்குப் பட்டதைப் பிடித்தார்கள். அவர் மாட்டியிருந்த துணிகளை விலக்கி, கட்டிலுக்கடியில் படுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியிருக்கிறார். வயதான கொசு பல நாள் வாழ்ந்தது. பல வீடு ஏறி இறங்கியது. ஒவ்வொருவரிடமும் இரண்டு வகை என்றால், ஐந்து பேரைக் கடித்த கொசுவிடம் எத்தனை இருக்கும்? மனிதர்கள் ஊசி நுனியில் கொடுத்த ஒரு சொட்டில் அகப்படாததும் அதில் அகப்பட்டிருக்கும்.

இதை அவர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில், கடிதம் போவதற்கு ஒரு வருஷம் முன்பு. "நேத்துப் பொறந்ததைப் பிடிச்சு என்ன பண்றது பாப்பா? அது ஒரு வீட்டைத்தான் பார்த்திருக்கும். றெக்கை நைஞ்ச கிழவியைப் பிடிக்கணும். அவ தெரு முழுக்க விருந்து சாப்பிட்டவ." அவள் கைப்பேசியிலிருந்து கண் எடுக்காமல் "ம்" என்றாள்.

மேடத்தின் அறையில் முடிவைச் சொன்னபோது மேடத்தின் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா! மனுஷங்களைவிடக் கொசுவிலதான் வகை அதிகம். கட்டுரையே மாறிடுச்சு. உங்க அப்பா கொடுத்துட்டுப் போயிருக்கார், சந்தோஷப்படுங்க."

"முன்னாடி நான் தப்பாச் சொன்னதை எழுதணும் மேடம்."

"மறுபரிசீலனைக்குப் பின் சேர்க்கப்பட்டன. அவ்வளவு போதும். கட்டுரையில அழுகை எதுக்கு?"

கட்டுரைக்கு அது போதும்தான். அவள் ஒப்புக்கொண்டாள். அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி மேடத்திடம் கையெழுத்துக் கேட்டாள். பிழை ஆய்வகத்துடையது, நான்காம் சேகரிப்பாளர் விதிப்படியே சேகரித்தார், மெமோவைத் திரும்பப் பெற வேண்டுகிறோம். மேடம் படித்துவிட்டு, "இறந்தவருக்கு மெமோவைத் திரும்ப வாங்கி என்னம்மா ஆகப்போகுது?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள் அம்மா.

"நல்லா இருந்துச்சும்மா. எங்க யாரையும்விட."

"கண்ணாடி போடுங்க, கண்ணாடி போடுங்கன்னு நான் உயிரை எடுத்தேனே." ஒரு துண்டை மடித்து வைத்தாள். திரும்ப உதறி மடித்தாள். "அவர் அப்படிப் பண்ண மாட்டார்னு எனக்குத் தெரியும். நீ சொன்னா தப்பா இருக்காதுன்னும் தெரியும். ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணியிருப்பேன்?"

மகள் குனிந்து, மடித்த துணிகளை எடுத்து அடுக்கினாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றே? அவரை எங்க தலைகுனிய வெச்சியோ அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனாள். சேகரிப்பவர்கள் வேலை முடித்துத் திரும்பும் நேரம். நீண்ட மேஜையில் குழாய்களைப் பரப்பி, உறைகளில் பென்சிலால் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பாவோடு பதினெட்டு வருஷம் ஜோடியாகப் போனவரை நெட்டை என்பார்கள். உட்கார்ந்தாலும் அவர்தான் உயரம்.

"வாம்மா பாப்பா. டீ குடிக்கிறியா?"

"வேண்டாம். ஒரு கடிதம் கொண்டு வந்திருக்கேன். எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்."

படித்தாள். ஏழு வரி. நான்காவது வரியில் ஒரு சொல்லை விட்டுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். முடித்தபின், கடிதத்தில் இல்லாததையும் சொன்னாள். "ஆய்வகம்னு போட்டிருக்கு. ஆய்வகம் இல்ல, நான்தான். ஒன்றரை நாள்ல பார்த்திருக்கலாம். பார்க்கலை."

மேஜைக்கு அந்தப்புறம் இருந்தவர் குழாயின் மூடியைத் திறந்து மூடினார். நெட்டை பென்சிலைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"இதை எங்களுக்கு எதுக்கும்மா படிக்கறே? இங்க யாரு நம்பினது? அந்த மனுஷன் ஒரு கொசுவைக் காலால மிதிச்சுட்டாக்கூட நோட்ல எழுதறவர். மெமோ கொடுத்த ஆபீசர் ஐயாகிட்ட நாங்க மூணு பேரும் போய்ச் சொன்னோம், அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மெமோ வந்த அன்னிக்கு என்னை வெளிய கூட்டிட்டுப் போனார். 'டேய் நெட்டை, நீ பக்கத்துலயேதான் இருந்தே. நான் ரெண்டு மூணு சேர்த்துப் போட்டதைப் பார்த்திருக்கியாடா? மறைக்காம சொல்லு'ன்னார். 'சத்தியமா இல்லண்ணே'ன்னேன். 'உனக்குத் தெரியாதுடா, பாப்பா மிஷின்ல பார்த்திருக்கா. நான்தான் எங்கேயோ போட்டிருக்கேன்'னுட்டார்." பென்சிலை மறுபடி எடுத்தார். "எங்க எல்லாரையும்விட உன்னைத்தான் நம்பினார். நீ சொன்னதை நம்பின ஒரே ஆளு அவர்தான்மா."

அவள் கடிதத்தைப் பிடித்தபடி நின்றாள். அறிவிப்புப் பலகையில் போடலாமா என்று கேட்க நினைத்து வந்திருந்தாள். மேஜைக்கு அந்தப்புறம் இருந்தவர் எழுந்து வந்து, அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினார். திரும்ப இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அறுபத்துச் சொச்சம் குழாய் இருந்தது. எண் எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நெட்டை தலை நிமிர்ந்தார்.

"பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. வெளிச்சத்தை மறைக்கறே."

அவள் தள்ளி நின்றாள்.