காதுகுத்து பேனரில் தலை அளந்த கதை

பத்திரிகை நிருபர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, முனைவர் பட்ட மாணவி நித்யாவிடம் கள உதவியாளராகச் சேர்ந்தேன். விழா ஃப்ளெக்ஸ் பேனர்களும் உறவு வரிசையும் என்பது அவர் தலைப்பு. பேனரைக் கலையாகவும், அதில் யார் தலை எவ்வளவு பெரிது என்பதைச் சமூகவியலாகவும் பார்க்க வேண்டும். செஞ்சியில் எல்லாருக்கும் தெரிந்ததற்கு ஆராய்ச்சி எதற்கு என்று நினைத்தேன்.

முதல் நாளே தவறு செய்தோம். செல்வி என்பவர் வீட்டு வாசலில், அவருடைய மூன்று வயது மகளின் காதுகுத்து பேனர். மறுநாள் விழா. செல்வியிடம் அனுமதி வாங்கி ஏணி போட்டோம். நித்யா இஞ்ச் டேப்பால் ஒவ்வொரு தலையாக அளந்து சத்தமாகச் சொல்ல, நான் கீழே நின்று எழுதினேன். தெருவே கேட்டது. குழந்தையின் பெரியப்பா தலை, தாய்மாமன் தலையைப்போல் ஒன்றரை மடங்கு.

நாங்கள் ஏணியை மடிப்பதற்குள் செய்தி தாய்மாமன் ஊரான அவலூர்பேட்டைக்குப் போய்விட்டது. என் பத்திரிகை எதையும் அவ்வளவு வேகமாகக் கொண்டு சேர்த்ததில்லை. தாய்மாமன் முருகன் செல்வியை போனில் அழைத்தார்.

"மடி குடுக்கறது நானு. அவுரு தல பூசணிக்கா, என் தல எலுமிச்சங்காயா அக்கா? நான் வரல. அவுரு மடியிலயே ஒக்கார வச்சு குத்திக்க."

தாய்மாமன் மடி இல்லாமல் அந்த வீட்டில் காது குத்துவதில்லை. பந்தல் போட்டாகிவிட்டது. விழா நின்றால் இந்த ஊரில் எந்த வீட்டிலும் எங்களுக்கு நாற்காலி போடமாட்டார்கள். நித்யா போனை வாங்கி, தவறு எங்களுடையது என்றார்.

"இன்னாம்மா தப்பு? நீ அளந்ததாலதான் எனுக்கே தெரிஞ்சுது" என்றார் முருகன்.

செல்வி எங்களையும் இழுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். பெரியப்பா தலையைக் குறைக்க முடியாது; பந்திக்கு அரிசி அவருடையது. இரண்டு தலையும் ஒரே அளவில் வேண்டும் என்றார். இடம் போதாது என்றார் கடைக்காரர்.

"எப்டியாவது போடுப்பா. புள்ளக்கி காது குத்தணும்."

தலை பெரிதானதைச் செல்வி இரவே போனில் சொல்லிவிட, காலையில் முருகன் சீர்த்தட்டோடு வந்தார். புதுப் பேனரை நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போய் உட்கார்ந்து மடி கொடுத்தார். தோடு ஏறியது. அழுது ஓய்ந்த குழந்தை மாமன் தோளிலிருந்து பேனரைக் காட்டியது.

"நான் எங்க மாமா?"

எல்லாரும் தேடினோம். இரண்டு பெரிய தலைகளுக்கும் கீழே, கடைப் பெயரை ஒட்டி, தபால்தலை அளவில் இருந்தாள்.

விழா யாருக்கு நடக்கிறதோ அவர் தலை எவ்வளவு பெரிது என்பது இப்போது நித்யாவின் ஆய்வில் தனி அத்தியாயம். களப்பணிக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தாராளமாக அளவெடுங்கள், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு.