தட்டினால் பேசும் ஆம்ப்ளிஃபயர்

தெருவில் அவளுக்கு மீட்டர் அக்கா என்று பெயர். கடையில் பேட்டரி வாங்கினால்கூடக் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து, அங்கேயே வோல்டேஜ் பார்த்த பிறகுதான் வாங்குவாள். கடைக்காரர் முகம் சுளித்தால், "உங்களை நம்பாம இல்லண்ணே, பேட்டரியைத்தான் நம்பலை" என்பாள்.

கல்யாணத்துக்கு முன்பு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனியை மூடியதும், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் மேஜை போட்டு வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்ட ஆரம்பித்தாள். முதலில் கட்டியது பாட்டைவிட இரைச்சலைத்தான் அதிகம் கொடுத்தது. எர்த் ஒயரை எங்கே சேர்த்தால் அந்த 'ம்ம்ம்' அடங்கும் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. அடங்கிய அன்று, பாட்டே போடாமல் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் ஓட்டும் கணவர் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் கேக்கலையே, ரிப்பேரா?" என்றார்.

"ஒண்ணும் கேக்காம இருக்கறதுக்குத்தான் இத்தனை பாடு."

ஸ்பீக்கர் பெட்டி செய்வது கொழுந்தன். தச்சு வேலைக்காரன், அடுத்த தெருவில் பட்டறை. அவள் ஆம்ப்ளிஃபயரைக் கட்டி முடித்ததும் அவன் வந்து எடுத்துப் போவான். தன் பெட்டிகளோடு சேர்த்து வாங்கியவர் வீட்டில் வைத்து, ஒயர் இழுத்து, பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு வருவான். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியது. இருவருக்கும் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் போன் செய்தார். கொஞ்ச நாள் முன்புதான் அவளிடம் வாங்கியவர்.

"அக்கா, வலது பக்கம் திடீர்னு ஊமையாயிடுது. மேல ஒரு தட்டு தட்டினா பேசுது."

கொழுந்தன் போய் அதை எடுத்துவந்தான். அவள் மேஜையில் நாள் முழுக்கப் பாடியது. ஒரு குறையும் இல்லை. திருப்பி அனுப்பினாள். மறுபடி ஊமை. அடுத்து இன்னொரு வீட்டிலிருந்தும் அதே புகார்.

தட்டினால் பேசுகிறது என்றால் ஈயம் வைத்துப் பத்தவைத்த இடம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அது பாலபாடம். ஆனால் அவள் பத்தவைத்ததிலா? கம்பெனியில் அவள் பத்தவைத்ததைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். தன் மேஜையில் ஒழுங்காகப் பாடுவது போன இடத்தில் மட்டும் மக்கர் செய்கிறது என்றால், நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரே ஆள்.

அந்த எண்ணம் வந்த பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. முன்னெல்லாம் மரத்தூளும் பசையும் மணக்க வருகிற கொழுந்தன் சட்டையில், இப்போது பத்தவைக்கும்போது தடவுகிற பேஸ்ட் வாசனை அடித்தது. அவள் உள்ளே வந்தால் அண்ணனும் தம்பியும் பேச்சை மாற்றினார்கள். நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டைப் போடுகிறானோ? கடைத்தெருவில் எவனாவது இவனைக் கைக்குள் போட்டுக்கொண்டானோ? கணவரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உங்க தம்பி போக்கே சரியில்ல."

அவர் வேனைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். காலையில்தான் கழுவியிருந்தார். அவள் சந்தேகம் இரண்டு பேர் மேலும் விழுந்தது.

அடுத்த தடவை பஸ் டிரைவருடையதைச் சரிபார்த்து மூடியபோது, அடிப்பக்கத்துத் திருகாணிகளின் தலையும் தகடும் சேரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சை ஒரு பொட்டு வைத்தாள். கொழுந்தன் எடுத்துப் போனான். மறுநாள் மதியம், "அந்தப் பக்கம் வந்தேன்" என்று பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனாள். அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து ஆம்ப்ளிஃபயரைச் சாய்த்துத் தடவினாள். ஒரு திருகாணியில்கூடப் பூச்சு முழுசாக இல்லை. தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

நேராகப் பட்டறைக்குப் போனாள். கொழுந்தன் பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு துணி மூடியிருந்தது. விருட்டென்று இழுத்தாள். ஈயம் பத்தவைக்கிற சால்டரிங் அயர்னும் பெரிய பூதக்கண்ணாடி ஒன்றும் இருந்தன.

"மரத்துக்கு எதுக்குடா ஈயம்?"

"அண்ணி, உக்காருங்க..."

"உக்கார வரல. எத்தனை நாளா என் பொருளைப் பிரிக்கறே?"

அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான். "முதல் புகார் வந்ததுலேர்ந்து. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் கிட்டத்துல இருக்கறது சரியாத் தெரியல அண்ணி. சில இடத்துல ஈயம் பிடிக்கவே இல்ல. உங்ககிட்ட சொல்ல வாய் வரல. அதான் நானே பாத்து, தெரிஞ்சதை எல்லாம் பத்தவைச்சு அனுப்பினேன். நாலு தப்பிப் போயிருக்கும்."

"கதை நல்லா இருக்கு. திருடினது நீ, குருடி நானா?"

"திருடினேனா?" அவன் முகம் சுருங்கிவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினான். அவள் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அறைக்கதவைத் தாழ்போட்டாள். பழைய ஈயச்சுருளை ஒதுக்கினாள். அதிலும் அவன் ஏதாவது செய்திருக்கலாம். புதுச் சுருளைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு புது போர்டை எடுத்து, வழக்கம்போல் நிதானமாகப் பத்தவைத்தாள். வெறும் கண்ணுக்கு எல்லாம் முத்து முத்தாக இருந்தன. பூதக்கண்ணாடியை வைத்தாள்.

பாதிக்கு மேல் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஈயம் கம்பியைத் தொடாமல் பக்கத்தில் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. ஒன்றில் மீட்டர் வைத்து விரலால் லேசாக அழுத்தினாள். முள் துள்ளியது. விட்டதும் விழுந்தது. இன்னொன்றிலும் அப்படியே.

அந்தப் போர்டில் அவளைத் தவிர யாரும் கை வைக்கவில்லை. அவன் திருடியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், அயர்னை அணைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கணவர் வந்ததும் கேட்டாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"மீட்டரைக் கை எட்டற தூரத்துல பிடிச்சுப் படிக்கறே. தெரியாம இருக்குமா? சொன்னா நீ நம்ப மாட்டே."

"சொல்லிப் பாத்தீங்களா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். இன்றைக்குக் கழுவ வேனும் வீட்டில் இல்லை, ஒர்க்ஷாப்பில் கிடந்தது.

கண் பரிசோதனை செய்யும் இடத்திலும் அவள் லேசில் விடவில்லை. கையில் கொடுத்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கடைசி வரி நிஜமாவே எழுத்துதானா? கண்ணாடி விக்கறதுக்காக வெறும் புள்ளி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு லென்ஸை மாட்டினார். புள்ளிகள் எழுத்தாயின.

கண்ணாடி வந்த அன்றே கொழுந்தனை அழைத்துக்கொண்டு பஸ் டிரைவர் வீட்டுக்குப் போனாள். ஆம்ப்ளிஃபயரை அவர் முன்னாலேயே பிரித்தாள். கொழுந்தன் பத்தவைத்த இடங்கள் தனியாகத் தெரிந்தன. பிடிப்பென்னவோ கெட்டிதான், ஆனால் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு.

"இந்த அழகுக்கா ஒளிச்சு ஒளிச்சுப் பண்ணினே?" என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். பழைய ஈயத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பத்தவைத்தாள்.

"என்னதான் கோளாறு?" என்றார் பஸ் டிரைவர்.

"பார்ட்ஸ் சரியில்ல சார்" என்று கொழுந்தன் முந்திக்கொண்டான்.

"பார்ட்ஸ் நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் சரியில்ல. இப்ப கண்ணாடி போட்டுட்டேன்" என்றாள் அவள்.

திரும்பும்போது இருவரும் நடந்தே வந்தார்கள்.

"உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன். தப்புதான்" என்றாள். "ஆனா நீ பண்ணினதும் சரியில்ல. இனிமே எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடு."

"சரி அண்ணி." கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தான். "அப்ப ஒண்ணு சொல்லட்டுமா? ஸ்பீக்கர் பெட்டிக்கு எப்பவும் கறுப்பு பெயின்ட்டே அடிக்கச் சொல்றீங்களே, அது பாக்கவே சகிக்கல."

அவள் நடையை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"இது நீயா சொல்றியா, உங்க அண்ணன் சொல்லச் சொன்னாரா?"