முடியாது இல்லை, மாட்டேன்

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூட்டம் அக்கா என்றால்தான் தெரியும். படத்தில் சந்தை வந்தால் அந்தச் சந்தையின் இரைச்சல் அவர். கப்பல் மூழ்கினால் உள்ளே இருப்பவர்களின் அலறல் அவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் பின்னால் நின்று வம்பளக்கிற பெண்கள் அத்தனை பேரும் அவரே. மற்ற கூடங்களில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார்கள். எங்களிடம் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் போதும், கூட்டம் வந்துவிட்டது என்று மைக்கைத் திறந்துவிடுவோம்.

நான் அங்கே ஒலிப்பொறியாளன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரை வருஷக்கணக்கில் கேட்டவன். கூட்டத்துக்குக் குரல் கொடுப்பதில் இருப்பது ஒரே விதிதான்: எந்தக் குரலும் தனியாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் பார்க்கிறவனின் கவனம் கதாநாயகனை விட்டு அந்தப் பக்கம் போய்விடும். அக்கா அந்த வித்தையில் கரைகண்டவர். எத்தனையோ படங்களில் பேசியிருக்கிறார். எதிலும் அவரை யாரும் கேட்டதில்லை.

பிறகு அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பயப்படும்படி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பைச் சுற்றியே அது வளர்ந்திருந்ததால், கட்டியோடு பழைய குரலும் போய்விட்டது. புதிதாக வந்தது வேறு. அடியில் சரளைக்கல்லை இழுத்துப் போவது போல ஒரு கரகரப்பு. அதற்கு மேலே, சரியாக மூடாத ஜன்னலில் காற்று நுழைவது போல ஒரு மெல்லிய விசில்.

ஓய்வு முடிந்து வந்தவரை மறுபடி ஒரு சந்தைக் காட்சியில் நிறுத்தினோம். எத்தனை முறை எடுத்தாலும் அந்தக் குரல் மட்டும் எண்ணெய் போலத் தனியே மிதந்தது. கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, கூட்டத்துல நீங்க மட்டும் தனியா கேக்குறீங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கேக்குதா?" என்று சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கொஞ்ச காலம் உதிரிபாகக் கடை ஒன்றில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்தார். அழைப்பவர்கள் எல்லாரும் "சார், சார்" என்பார்களாம். முதல் வாரம் திருத்திப் பார்த்தார். பிறகு, "ஆமா, சார்தான் பேசுறேன், என்ன வேணும் சொல்லுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவருடைய வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். வீட்டுக்காரர் வாடகை வேன் ஓட்டுபவர். மனைவியைக் கிண்டல் செய்யும் உரிமை தனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைப்பவர். பின்னால் அவர் ஊரோடு சண்டை போட்டதற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

அந்த நேரத்தில்தான் 'உறங்கும் கவசங்கள்' என்ற அனிமே தொடரை, அதாவது ஜப்பானியச் சித்திரப்படத் தொடரை, நம் மொழியில் பேச வைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. ஒரு மலைநாடு. அங்கே ஏரிகளுக்கு அடியிலும் பனிப்பாறைகளுக்கு அடியிலும் பழங்காலத்து ராட்சத இரும்புக் கவசங்கள் தூங்குகின்றன. மந்திரம் தெரிந்தவர் உள்ளே ஏறி உட்கார்ந்தால் கவசம் எழுந்து நடக்கும், வாள் வீசும், கோட்டையை இடிக்கும். அவற்றில் ஒன்றே ஒன்றுக்குப் பேச்சும் வரும். அதன் பெயர் மலையுறங்கி. மூல மொழியில் அதற்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலிக்கிற கனமான ஆண் குரல்.

டப்பிங் இயக்குநரை நாங்கள் மேடம் என்போம். அவர் கம்பீரக் குரல்காரர்களை எல்லாம் வரவழைத்துப் பேச வைத்தார். எதுவும் பிடிக்கவில்லை. "ஏரிக்கு அடியில சேறு குடிச்சுக்கிட்டுக் கெடந்தது, எழுந்ததும் பிளாட்பாரத்துல ரயில் வருதுன்னு சொல்ற மாதிரியா பேசும்?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். அன்று மாலை அக்கா சும்மா எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். வாசலில் காவலாளியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்த குரல் உள்ளே கேட்டது. மேடம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"யாருப்பா அது?"

"நம்ம கூட்டம் அக்கா, மேடம்."

"கூட்டமா? அது மலைடா."

முதல் வசனம், மலையுறங்கி கண் திறந்து, தனக்குள் ஏறி உட்கார்ந்த அரசகுமாரியிடம் கேட்பது: "என்னை எழுப்பியது யார்?" அக்கா மைக்குக்கு முன்னால் நின்றார். தனியாக ஒரு வசனத்தை, முகமும் பெயரும் உள்ள ஒரு பாத்திரத்துக்கு, அவர் பேசுவது அதுதான் முதல் தடவை. அவர் பேசி முடித்ததும் நான் ஒலியளவைச் சரிசெய்யக் கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

தொடர் வெளியானது. அதோடு பார்வையாளர்களின் கருத்துகளும் வந்து குவிந்தன.

'சளி பிடித்த ரோபோ.' 'மலையுறங்கிக்கு யாராவது ஆவி பிடிக்க வெந்நீர் கொடுங்கள்.' 'தொண்டையில் முள் சிக்கிய பாட்டியை எதற்கு போர் இயந்திரத்துக்குள் அடைத்தீர்கள்?' 'சண்டைக் காட்சி பிரமாதம், வாயைத் திறந்தால்தான் மானம் போகிறது.' 'இந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தவருக்குக் காது இருக்கிறதா?' ஒருவர் மலையுறங்கியின் கழுத்தில் மப்ளர் கட்டிப் படம் போட்டார். அது ஊரெல்லாம் சுற்றியது.

மப்ளர் படத்தைப் பார்த்து அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நல்லா வரைஞ்சிருக்கான், கலர் கூட எடுப்பா இருக்கு," என்றார். வீட்டுக்காரருக்குத்தான் தாங்கவில்லை. சவாரிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார். 'நீ ஏரிக்கடியில் கிடந்து பார், தெரியும்' என்பது அவற்றில் மரியாதையானது. ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து கூடத்துக்கு வந்தபோது அக்கா என் முன்னாலேயே அந்தக் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டார்.

"ஏங்க, அவங்களுக்குப் புடிக்கல. அவ்வளவுதானே? புடிக்கலன்னு சொல்லக்கூட உரிமை இல்லையா?"

"அதுக்காக வாய்க்கு வந்ததெல்லாம் பேசலாமா?"

"பேசட்டும். எனக்கு வேண்டியது அவங்க வாய மூடுறது இல்ல. நான் பேசுறது."

ஆனால் கருத்துகளைத் தொடரை வெளியிட்ட நிறுவனமும் படித்தது. நிறுவனத்தின் மேலாளர் நேரில் வந்தார். கெட்டவர் இல்லை, குரலை உயர்த்தவே மாட்டார், எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பார்வையாளர் என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு என்று நம்பியவர். அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம், "ஆளை மாத்த வேணாம். நீங்களே மெஷின்ல கொஞ்சம் சுத்தம் பண்ணுங்க. அந்த விசில எடுத்துட்டு, அடிக்குரல நல்லா கனமாக்கிடுங்க," என்றார்.

செய்தேன், அது என் வேலை. விசில் போயிற்று, கரகரப்பு வழவழப்பானது. கேட்டால் யாரோ ஒருவர் பேசுவது போல இருந்தது. மறுநாள் பதிவுக்கு வந்த அக்கா, முந்தைய பகுதியைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இது யாரு?"

"நீங்கதான்க்கா. கொஞ்சம் சுத்தம் பண்ணச் சொன்னாங்க."

பின்னால் சோபாவில் மேலாளர் இருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"சார், என் குரல் வேணும்னா வைங்க. வேணாம்னா தூக்கிப் போடுங்க. நான் போயிட்டே இருக்கேன். ஆனா துவைச்சுக் காயப்போட்டு, அதுமேல என் பாத்திரத்த நிக்க வைக்காதீங்க. கத்தி பட்ட தொண்டை இது. அப்படித்தான் சத்தம் வரும்."

"அம்மா, நான் உங்களக் குறை சொல்லல. ஜனங்க கருத்து அப்படி."

"ஜனங்களுக்கு இத்தனை வருஷமா நான்தான் சார் குரல் குடுத்திருக்கேன். அவங்க எப்படிக் கத்துவாங்கன்னு எனக்கும் தெரியும். கத்தி முடிச்சிட்டு உக்காந்து பார்ப்பாங்க."

பக்கத்தில் இருந்த மேடம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். மேலாளர் யோசித்தார். அடுத்த பகுதியை மட்டும் உள்ளது உள்ளபடி விடலாம், அதற்கு வருகிற கருத்துகளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார். அக்கா சரி என்றார்.

அந்த அடுத்த பகுதிதான் பாலம் வருகிற பகுதி. எதிரிப் படை பாலத்தைக் கடக்கப் போகிறது. அரசகுமாரி மலையுறங்கியிடம் பாலத்தை உடைக்கச் சொல்கிறாள். பாலத்தின் மேலோ ஊரை விட்டு ஓடும் ஜனங்கள். கவசம் ஓங்கிய கையை இறக்காமல் அப்படியே நிற்கிறது. எழுத்துப் பிரதியில் அதற்கு வசனம்: "என்னால் முடியாது."

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது தப்பு," என்றார்.

"என்ன தப்பு?" என்றார் மேடம்.

"கோட்டைய இடிக்குது, மலையப் பேக்குது. ஒரு பாலத்த உடைக்க முடியாதா அதால? முடியும். செய்யாது. 'மாட்டேன்'னு சொல்லணும்."

மேலாளர் குறுக்கிட்டார். "வசனத்தோட நீளம் மாறிடுமேம்மா. உதடு பொருந்தணும்ல?"

"அதுக்கு ஏது சார் உதடு?"

இரும்பு முகம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு. மேலாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பேசுங்க," என்றார்.

பாலத்தில் ஓடும் ஜனங்களுக்காக அக்காவின் பழைய கூட்டாளிகள் வந்திருந்தார்கள். அவர்கள் முதலில் கத்தினார்கள், அழுதார்கள், பிள்ளையைத் தேடினார்கள். அந்தச் சத்தத்தை அக்காவின் காதில் ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அரசகுமாரியின் கட்டளை வந்தது. அவர் கத்தவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போல, "மாட்டேன்," என்றார். கடைசி எழுத்தில் அந்த விசில் கொஞ்சம் நீண்டு, தேய்ந்து நின்றது. நான் அதில் கையே வைக்கவில்லை.

அந்தப் பகுதிக்கு வந்த கருத்துகள் பாதிக்குப் பாதி பிரிந்தன. 'அந்த ஒரு சொல்லுக்காக மறுபடி மறுபடி பார்த்தேன்' என்று எழுதியவர்கள் இருந்தார்கள். 'மூலத்தில் கேட்டபோது வராத நடுக்கம் இதில் வந்தது' என்றார் ஒருவர். 'இன்னும் சளி போகவில்லை' என்று எழுதியவர்களும் குறையவில்லை. இரண்டு கட்சிகளும் இரவு பகல் பாராமல் மோதிக்கொண்டதில், தொடரைப் பார்க்காதவர்கள் கூட என்ன சண்டை என்று பார்க்க வந்தார்கள். மேலாளருக்கு அது போதும். தொடர் முழுக்க அக்காவே பேசட்டும் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் எல்லாரும் அக்கா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "சார், கடைசியில பேர் ஓடுமே, அதுல என் பேர் வரணும். கூட்டத்துக்கு 'மற்றும் பலர்'னு போடுவீங்க. இப்ப நான் பலர் இல்ல," என்றார்.

மேலாளர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "வேணாம்மா. இப்ப யாருன்னு தெரியாமத் திட்டுறாங்க. பேர் தெரிஞ்சா உங்களைத் தேடி வந்து திட்டுவாங்க."

"திட்டட்டும். பேர் சொல்லித் திட்டட்டும்."

அடுத்த பகுதியிலிருந்து அக்காவுக்கு அவருடைய அப்பா வைத்த நீளமான பெயர் திரையில் ஓடியது. வீட்டுக்காரர் அதை நிறுத்திப் படமெடுத்து வேனின் பின் கண்ணாடியில் ஒட்டினார். மேலாளர் சொன்னதும் பலித்தது. பெயரைக் கண்டுபிடித்து, படத்தைக் கண்டுபிடித்து, வயதைச் சொல்லி, கழுத்துத் தழும்பைச் சொல்லி எழுதினார்கள். சில நாள் அக்கா சிரிக்கவில்லை. அதில் பொய் சொல்வதற்கு ஒன்றுமில்லை, வலித்தது. தழும்பை மறைக்க ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஒருநாள் கூடத்துக்கு வந்தார். மைக்குக்கு முன்னால் நின்றதும், துணி உரசுகிற சத்தம் பதிவாகும் என்று தானே கழற்றிப் போட்டார். அதன்பிறகு அவர் அதைச் சுற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

தொடரின் முதல் பருவம் முடிந்தது. இரண்டாம் பருவத்துக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. அந்தச் சமயம் ஒருநாள் நானும் அக்காவும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் நின்றிருந்தோம். திரை உடைந்திருக்கிறது, எப்போது கிடைக்கும் என்று அக்கா கடைக்காரரிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற இளைஞன் சட்டென்று திரும்பினான். அவன் பையில் மலையுறங்கியின் படம் போட்ட சாவிக்கொத்து தொங்கியது.

"நீங்கதானே... மலையுறங்கி?"

"ஆமாப்பா."

அவன் தயங்கினான். பிறகு நேராகவே சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு உங்க குரல் புடிக்கல. மூலத்துல இருந்ததுதான் கெத்து. நான் எழுதியிருக்கேன் கூட."

"எழுதுனியா? நல்லது. பாலம் பார்த்தியா?"

"பார்த்தேன். அதுவும் புடிக்கல."

"சரி," என்றார் அக்கா. "அடுத்த சீசனும் நான்தான்."

"தெரியும். எப்ப வருது?"

"மழைக்காலம் முடிஞ்சதும்."

"முதல் நாளே பார்ப்பேன்," என்று முறைத்துக்கொண்டே சொன்னான்.

"பாரு. பார்த்துட்டு எழுது," என்றார் அக்கா. கடைக்காரரிடம் திரும்பி, அந்தச் சரளைக்கல் குரலில், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, திரை நாளைக்கே வேண்டும் என்று கறாராகப் பேச ஆரம்பித்தார்.