பதினோரு நிமிடப் பாதை

என் சைக்கிளின் ஃபிரேம் உடைந்தது பெரிய விபத்தில் ஒன்றும் இல்லை. கல்வராயன் மலையில், ஐந்து வருஷமாக நான் இறங்கிப் பழகிய பாதையில், ஒரு வியாழக்கிழமை காலை ஆள் உயரப் பாறையிலிருந்து குதித்து இறங்கியபோது பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல் தெறித்திருக்கும் என்று நினைத்து அடிவாரம் வரை ஓட்டி வந்துவிட்டேன். சேற்றைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பின்சக்கரத்தைத் தாங்குகிற கம்பியில், வெல்டிங்குக்குப் பக்கத்தில், தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. தொட்டால் விரலில் இடறியது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

நான் ஓட்டிய பந்தயத்துக்கு டவுன்ஹில் என்று பெயர். மலைமேலிருந்து அடிவாரம் வரை கல்லிலும் வேரிலும் மண்ணிலும் சைக்கிளில் இறங்க வேண்டும். யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறாரோ அவருக்கு வெற்றி. கள்ளக்குறிச்சியில் இதை விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 'சைக்கிள் ரேஸ்' என்று மட்டும் சொல்லுவேன். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். ஆறு என்பேன்.

"ஆறா? அத நம்ம பால்காரரு கேனோட தெனம் ஓட்டிக்கினு போறாரே" என்று எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருமுறை சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

ஃபிரேமைக் கழற்றி, அட்டைப்பெட்டியில் கட்டி, வாங்கிய கம்பெனிக்கு அனுப்பினேன். புதிது தருவோம் என்று பதில் வந்தது. அது கொரோனாக் காலம். கப்பலில் வருகிறது என்றார்கள். பிறகு கப்பல் தாமதம் என்றார்கள். பிறகு அந்த மாடலையே நிறுத்திவிட்டோம், வேறு பார்க்கிறோம் என்றார்கள். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்த தனியார் பள்ளியும் மூடிக் கிடந்தது. குடகுப் பக்கம் நடக்க வேண்டிய பந்தயத்தை மட்டும் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்களே தவிர, ரத்து என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் சக்கரங்கள் இரண்டும் சுவரில் மாட்டியிருந்தன. ஹேண்டில்பார் பீரோ மேல். அம்மா ஒவ்வொரு நாள் கூட்டும்போதும் கேட்பாள்.

"இன்னாடா, வண்டி வந்துச்சா?"

"வரலம்மா."

"வர்றதுக்குள்ள ஒரு கல்யாணமாச்சும் பண்ணிக்கலாமில்ல?"

இந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுவதற்கு முந்தின நாள் பாதை முழுவதையும் நடந்து பார்ப்பார்கள். எந்தக் கல்லுக்கு இடப்பக்கம் போவது, எங்கே பிரேக்கை விடுவது என்று மனதில் எழுதிக்கொள்வார்கள். சைக்கிள் இல்லாத எனக்கு மிஞ்சியது அந்த வேலை மட்டும்தான். வாரத்தில் இரண்டு நாள் கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலை பஸ் ஏறி, கரியாலூர் தாண்டி இறங்கி, அந்தப் பாதையில் நடந்தே கீழே வருவேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வளைவு வந்தால் என் இரண்டு ஆள்காட்டி விரல்களும் தாமாக மடங்கும். பிரேக் பிடிக்கும் விரல்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பது தெரிந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். முதல் மாதம் உற்சாகமாக நடந்தேன். மூன்றாவது மாதத்தில் ஏன் போகிறேன் என்றே தெரியவில்லை. போகாமலிருக்கவும் முடியவில்லை.

அந்த மாதங்களில்தான் எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. பள்ளியில் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் எங்கள் பக்கத்துப் பையன்களை ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தான். கிராம நிர்வாக அலுவலகத்தில் மனு கொடுக்க என்னையும் ஒருநாள் கூட்டிப்போனான். கூட்டத்தில் நின்றேன், கோஷம் போட்டேன், வெயிலில் தலைவலி வந்தது. திரும்பும்போது அவன் கேட்டான்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேல கேட்டுக்கினு இருந்தியே, இன்னா ஆச்சு?"

"அவங்க வச்சிருக்கிற லிஸ்ட்ல என் வெளையாட்டு இல்லயாம்டா."

அவன் சிரித்தான். "அப்ப உனக்கு ரெண்டு ஒதுக்கீட்டுக்குப் போராடணும்" என்றான். நானும் சிரித்தேன்.

மார்கழிப் பனி விழுந்த ஒரு நாள். முதல் பஸ் பிடித்து மேலே போய் இறங்கினேன். என் பாதை ஒரு மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் தொடங்கும். கொல்லைக்காரர் மலையாளி, அந்த மலையில் தலைமுறைகளாக வாழும் மக்களை அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து வருஷத்தில் அவரோடு நான் பேசியது பத்து வார்த்தை இருக்காது. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வருவேன், கையை ஆட்டுவேன், இறங்கிவிடுவேன். நடக்கத் தொடங்கிய பிறகும் கையை ஆட்டுவதோடு சரி. அன்று அவர் வழியிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய மகள். வெளுத்த சுடிதார், தோளில் பை, மார்போடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"சார், கீழ மறியலாம். நீங்க வந்த பஸ்ஸும் திரும்பிப் போவாதாம், கண்டக்டரு சொன்னாரு" என்றார்.

மகளுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு நர்சிங் கல்லூரியில் அன்று சான்றிதழ் சரிபார்ப்பு. மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இரண்டு பேரும் முந்தின நாளே கீழே போய்விட்டார்கள். நான் கீழே நடந்து போகிறேன், வேண்டுமானால் கூட வாருங்கள், வழி எனக்குத் தெரியும் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "தெரியும் சார். எங்க வழிதான" என்றார்.

மூன்று பேரும் இறங்கத் தொடங்கினோம். சைக்கிளில் எனக்கு அது பதினோரு நிமிடப் பாதை. தனியாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். அன்று இரண்டரை ஆனது. பனி ஈரத்தில் பாறையெல்லாம் வழுக்கியது. நான் சொல்லிக்கொண்டே முன்னால் போனேன்; இங்கே ஒரு குதி வரும், இங்கே இடப்பக்கம் சாய வேண்டும் என்று. என் பந்தய புத்தி அது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண், "அண்ணா, நீங்க சொல்ற பக்கம் போனா விழுந்துடுவோம்" என்றாள். வேகமாக வருபவனுக்கு நல்ல பக்கம் நடப்பவருக்கு ஆபத்தான பக்கம். அதன் பிறகு அவள் முன்னால் போனாள். சான்றிதழ்க் கோப்பை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவள் கால் வைத்த இடத்தில் நான் கால் வைத்தேன்.

பாதி வழியில் அந்த ஆள் உயரப் பாறை வந்தது. அதற்குக் கீழே வலப்பக்கம், புதருக்குள், உட்காருகிற உயரத்தில் ஒரு கல்லைப் போட்டிருந்தார்கள். நூறு முறை அதைத் தாண்டிப் பறந்திருக்கிறேன். நடந்து வந்தபோதும் என் கண் சைக்கிள் போகும் தடத்திலேயே இருந்ததால், கண்ணில் பட்டதே இல்லை.

"கடுக்கா மூட்ட எறக்கி வச்சி மூச்சு வாங்கற எடம் சார்" என்றார் அவர். "சந்த நாள்ல பொம்பளைங்க நாலஞ்சு பேரு இங்க ஒக்காந்திருப்பாங்க."

"சைக்கிள்ல வர்றப்ப நான் யாரையும் பார்த்ததில்லயே."

"நீங்க மேல வந்து எறங்கனதுமே நாங்க கத்திடுவோம், கேட்டவங்க கீழ கத்துவாங்க. சத்தம் கேட்டா ஒதுங்கிக்குவாங்க." கொஞ்சம் யோசித்து, "ஒருதரம் எங்க அண்ணி ஒதுங்கறப்ப விழுந்துச்சி. கையில அடி. பெரிசா ஒண்ணுமில்ல" என்றார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது சார்? அப்ப உங்க மொகமே தெரியாது. நிக்கவும் மாட்டீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. மீதி வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

அடிவாரத்தில் சாலைக்கு வந்தபோது மணி பதினொன்று இருக்கும். கச்சிராயபாளையம் வரை நடந்தோம். ஊருக்கு முன்னால் வேலமரக் கிளைகளை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பு லாரிகள் வரிசையாக நின்றன. நடுவில் கொடியோடு என் பெஞ்சு நண்பன்.

"எங்கடா போன நீ? ஆளே காணோம்" என்றான்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் என்னைத் தள்ளிக்கொண்டு போனான்.

"இன்னிக்கு ஒருத்தர வுட்டா எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவான். காலைல இருந்து ஒக்காந்துக்கினு இருக்கோம்டா, பச்சத்தண்ணிகூட குடிக்கல."

"அந்தப் பொண்ணுக்கு சீட்டுடா. நீ இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துக்கினு இருக்க? சீட்டுக்குத்தான?"

கோபத்தில் சொல்லவில்லை. அவ்வளவு களைப்பாக இருந்தது எனக்கு. அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். கொடி ஒன்றையும் கொடுத்தான்.

"முன்னாடி கட்டிக்கினு போ. வழியில இன்னும் ரெண்டு எடத்துல ஒக்காந்திருக்கானுங்க. கொடியப் பாத்தா வுட்டுடுவானுங்க."

அப்படித்தான் மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். நடுவில் அப்பா, பின்னால் மகள், ஹேண்டில்பாரில் எங்கள் போராட்டக் கொடி. வழியில் ஓரிடத்தில் கைதட்டினார்கள். எங்களையும் போராட்டக்காரர்கள் என்று நினைத்துவிட்டார்கள். பின்னாலிருந்து அந்தப் பெண் சிரிப்பை அடக்குவது கேட்டது.

கல்லூரி கேட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பது. கேட்டில் பூட்டு. பூட்டுக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மறியல் காரணமாகச் சான்றிதழ் சரிபார்ப்பு அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. மேலே டவர் கிடைக்காததால் அவர்களுக்குச் செய்தி வரவில்லை.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். அப்பாவுக்குப் படித்துச் சொன்னாள். அவர் "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டார். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அவள் பையிலிருந்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து மூன்றாகப் பிட்டாள். ஆறிப்போயிருந்தது. தின்றோம்.

"அடுத்த வாரமும் மறியல் இருக்குமா அண்ணா?" என்று அவள் கேட்டாள்.

தெரியாது என்றேன்.

மாலையில் மறியலைக் கலைத்தார்கள். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வண்டியை நண்பனிடம் கொடுக்கப் போனேன். அவன் தொண்டை கட்டிப்போய் ஒரு கல்லின்மேல் சாய்ந்திருந்தான். "சீட்டு கெடைச்சிச்சா?" என்று கேட்டான். ஒத்திவைத்துவிட்டார்கள் என்றேன். "எதுக்கு?" என்றான். வண்டியிலிருந்த கொடியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். அவனே புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் பஸ் ஓடியது. அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் ஒதுக்கீட்டுக்கும் சட்டம் வந்தது, பட்டாசு வெடித்தார்கள், பிறகு அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. என் நண்பன் சில நாள் வெளியே வராமலிருந்து, பிறகு வழக்கம்போலக் கரும்பு வெட்ட ஆள் தேடிக் கிளம்பிவிட்டான்.

பழையதை அனுப்பிய எட்டாவது மாதம் புது ஃபிரேம் வந்தது. கறுப்பு நிறம், என் பழையதைவிட லேசானது. இரண்டு நாளில் பூட்டி முடித்து மலைக்குக் கொண்டுபோனேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைக்காரரிடம் போய் நின்று, இறங்கட்டுமா என்று கேட்டேன்.

"எந்தெந்த நாள் வருவீங்கன்னு சொல்லிடுங்க சார். அன்னிக்கு நாங்க சுத்திக்கினு ரோட்டு வழியா போய்க்கிறோம்" என்றார்.

ரோட்டு வழி பதினேழு கிலோமீட்டர். மூட்டையைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடப்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அன்று இறங்கினேன், அவர் கொஞ்ச தூரம் முன்னால் நடந்துபோய்க் கீழே குரல் கொடுத்துப் பார்த்து, யாருமில்லை என்று கத்திச் சொன்ன பிறகு. இருந்தும் ஒவ்வொரு வளைவிலும் விரல்கள் மடங்கின. ஆள் உயரப் பாறையில் குதிக்காமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தேன். கீழே வந்து கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் அதுதான் கடைசி.

குடகுப் பந்தயத்துக்குத் தியாகதுருகம் பக்கம் கைவிட்ட கல்குவாரிச் சரிவில் பழகினேன். அது பயிற்சிக்கே போதாது. முப்பத்தோரு பேரில் இருபத்தாறாவதாக வந்தேன். முடிந்ததும் மற்றவர்கள் சைக்கிளைக் கழுவிக்கொண்டு அடுத்த பந்தயத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்த ஊர்ப் பாதையின் ஓரத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே கூடையோடு நின்றிருந்த ஒரு பெண்மணியிடம் போய், இந்த வழியில் தினமும் போவீர்களா என்று தமிழில் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. கையால் மேலே காட்டினார், பிறகு கீழே காட்டினார், பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.