மணிவண்ணன் வயிறும் அய்யாக்கண்ணு கையும்

தெலுங்கு நாட்டுக்குப் பிழைக்க வந்து போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கும் அய்யாக்கண்ணுவிடம் வயிற்று வலிக்காரர்கள் தேடி வருவார்கள். குடல் ஏறிக்கொண்டது என்பார்கள். அவர் சாக்கை விரித்துப் படுக்க வைப்பார். தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி, கட்டை விரலால் அழுத்தி நீவுவார். அரை மணியில் ஆள் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவான்.

இந்தப் பேரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் தங்கை பானுவின் புருஷன் மணிவண்ணன். அவனும் அதே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன்தான். கல்யாணமான புதிதிலேயே அவனுக்கு அந்த வலி. சாப்பிட்ட கையோடு சுருண்டு விழுவான். அய்யாக்கண்ணு நீவுவார், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். பதினோரு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. "மச்சான் கைதான் எனக்கு ஆஸ்பத்திரி" என்று அவன் மார்க்கெட் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் நீவியும் வலி விடவில்லை. சாயங்காலம் பச்சையாக வாந்தி எடுத்தான்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்ணே. இது எப்பவும் வர்ற மாதிரி இல்ல," என்றாள் பானு.

"நான் இருக்கையில ஆஸ்பத்திரி எதுக்கு? பித்தம் வெளிய வருது. வரட்டும்."

"விடு பானு. மச்சானுக்குக் கோவம் வந்தா இன்னும் அழுத்துவாரு," என்று மணிவண்ணன் அந்த வலியிலும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் அய்யாக்கண்ணுவுக்கு இப்போதும் சோறு இறங்காது.

புதன்கிழமை காலையில் மறுபடி நீவினார். வயிறு பலகை மாதிரி இருந்தது. இத்தனை வயிறு தொட்ட கைக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஆனால் கூட வேலை செய்கிற நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் கையை எடுக்க மனசு வரவில்லை. பத்து மணிக்கு மணிவண்ணனுக்குக் கண் செருகியது. பானு அண்ணனைக் கேட்கவில்லை. அவளே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்ரீஜா சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார். ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"குடல் முறுக்கிட்டிருக்கு. இவருக்குப் பிறவியிலேயே குடல் அதோட இடத்துல உட்காரல. பெரும்பாலும் குழந்தையிலயே தெரிஞ்சிரும், பெரியவங்களுக்கு வர்றது அபூர்வம். இவருக்கு இத்தனை வருஷமா முறுக்கும், தானா அவிழும். இந்தத் தடவை அவிழல. உடனே ஆபரேஷன் பண்ணணும். வலி எப்ப ஆரம்பிச்சது?"

தானா அவிழும். அய்யாக்கண்ணுவுக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. அப்படியானால் பதினோரு வருஷமாக அவர் கை எதையும் சரி செய்யவே இல்லை.

"காலைலதான் டாக்டரம்மா," என்றாள் பானு.

அண்ணனுக்காகச் சொன்ன பொய். அய்யாக்கண்ணு கொஞ்ச நேரம் அந்தப் பொய்க்குள் ஒளிந்து நின்றார். பிறகு டாக்டர் முன்னால் வந்து நின்றார்.

"இல்லம்மா. நேத்து மத்தியானம். தங்கச்சி அப்பவே போகணும்னு சொல்லுச்சு, நான்தான் விடல. எண்ணெ போட்டு ரெண்டு தடவ அழுத்தி நீவுனேன்."

டாக்டர் திட்டவில்லை. "ஒரு நாள் ஆயிருச்சா," என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம்தான் வெளியே வந்தார். முறுக்கை அவிழ்த்து, மறுபடி முறுக்காதபடி குடலை ஒழுங்குபண்ணி வைத்தாயிற்று, ஆள் பிழைத்துக்கொள்வார் என்றார். கறுத்துச் செத்துப்போன குடலில் நாலடியை வெட்டி எடுக்க வேண்டியிருந்ததாம்.

"நான் நீவுனதாலதான் முறுக்குச்சாம்மா?"

"முறுக்கினது நீங்க இல்ல. லேட் பண்ணினது நீங்க. நேத்தே வந்திருந்தா வெட்டாமலே காப்பாத்தியிருக்கலாம்."

ஒன்பதாம் நாள் வார்டில் மணிவண்ணன், "என்ன மச்சான், வேற எதுவும் ஏறிக்கிச்சான்னு தொட்டுப் பாருங்களேன்," என்று கிண்டல் பண்ணினான். அய்யாக்கண்ணு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பானு தட்டைக் கழுவப் போனாள். அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் அவரை அரிக்கிறது.

போன வாரம் உருளைக்கிழங்கு மண்டி கிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"நக்கோ கிரி, நீவல்லாம் வேணாம். ஆட்டோல ஏறு."

"வெறும் வாயுண்ணே. ரெண்டு நீவு நீவுனா போயிரும்."

"நானும் அப்படித்தான் பதினோரு வருஷம் நெனச்சேன். ஏறுடா."

அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க கிரி முனகிக்கொண்டே வந்தான். அய்யாக்கண்ணு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.