பம்பு மாஸ்டர்

மாவுக் கிண்ணத்தைத் தராசிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சைக்கிள் பம்பைக் கிடத்தினார் அவர். எண் ஓடி நிற்கும்வரை மூச்சுகூட விடவில்லை. நின்றதும் பம்பின் தலையில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் கிடத்தினார்.

"பாத்தியா? மூடி மட்டுமே மூணு கிராம். தண்ட வெயிட்டு."

மாவு அளக்க நின்ற மனைவி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ரப்பர் மூடியின் வரலாற்றை ஆதியோடந்தமாகக் கேட்க வேண்டி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் பம்பு மாஸ்டர். அவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். பிழைப்பு என்று பார்த்தால் மெத்தைக் கடையில் மூத்த விற்பனையாளர். அங்கே யாராவது இரண்டு மெத்தைக்கு நடுவில் நின்று தாடையைச் சொறிந்தால் அவருக்குப் பொறுக்காது. "செருப்பைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்க சார். உடம்பே சொல்லிடும். ரொம்ப யோசிக்கிறவங்களுக்குத்தான் முதுகுவலி வருது" என்பார். வந்தவர் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் பில் தயாராக இருக்கும். இப்படி ஊரையே ஒரு நிமிஷத்தில் படுக்க வைக்கிற மனிதர், மூன்று நாள் சைக்கிள் பயணத்துக்குப் பையில் செருகுகிற பம்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இப்போது அவருடைய சைக்கிள் நிற்கிறது. பக்கத்தில் விரித்த பழைய போர்வையில் பம்புகள் படுத்திருக்கும். ஒல்லி, குட்டை, ரப்பர் குழாய் வைத்தது, வைக்காதது, பேட்டரியில் ஓடுவது. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவற்றின் முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். முன் சக்கரத்தில் இருக்கிற காற்றை 'உஸ்'ஸென்று பிடுங்கிவிடுவார். ஒரு பம்பை மாட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே அடிப்பார். டயர் கல்லாக இறுகியதும் மறுபடி காற்றைப் பிடுங்குவார், அடுத்த பம்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கதவைத் தட்டி, "வீட்ல யாருக்காவது மூச்சுத் திணறலா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். மாஸ்டருக்கு அதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு பம்புக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு உண்டு. "பேட்டரியா? மூணு நாள் ரோட்டுல இருக்கோம். சார்ஜ் போச்சுன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டி பிளக்கு கேக்குறது?" குழாய் வைத்தது வீண் சுமை, வால்வில் நேராக மாட்டி அடித்தால் போயிற்று. நீலப் பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. "இதை நம்பிப் போனா நடுரோட்டுல நின்னு அழ வேண்டியதுதான்" என்று அதைப் போர்வையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

கடைசியில் அவர் மனசைப் பறித்தது ஒரு கறுப்புப் பம்பு. குழாய் கிடையாது, மூடியையும் கழற்றியாயிற்று. "இதுதான்டி பம்பு. மத்ததெல்லாம் ஊதுகுழல்." அதற்கு ஜிப் வைத்து ஓர் உறை தைத்துத் தரச் சொன்னார். மனைவி தைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "ஏங்க, இதை வச்சு அடிக்கிறப்ப வால்வு கிடந்து ஆடுதே, அடியில பிச்சுக்காதா?" என்று கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

இத்தனைக்கும் மாஸ்டர் சைக்கிளில் ஓர் இரவு வெளியூரில் தங்கியவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தைத் தாண்டி இருக்கிற காப்பிக் கடைதான் அவருடைய உலகத்தின் எல்லை. அதற்கு அப்பால் போகிறவர்களுக்கு எந்தப் பம்பு தோது என்று அங்கே உட்கார்ந்து வாய் கிழியப் பேசிவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார்.

மனைவி அந்தப் பாலத்துக்கு அப்பால் போக ஆசைப்பட்டாள். வேறொன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நாள் முழுக்க மெஷின்கள் கத்துவதைக் கேட்ட காதில் மூன்று நாள் காற்று மட்டும் அடிக்க வேண்டும் என்று நினைத்தாள். ஆற்றோரமாகவே போய் மலையடிவாரத்தில் தங்கித் திரும்புகிற வழி அவளுக்கு மனப்பாடம். மாஸ்டர் புது சைக்கிள் வாங்கியபோது கழித்துப் போட்டதைத்தான் அவள் ஓட்டுகிறாள். ஹெல்மெட், செல்போன் எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். தரும்போது அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "உனக்கு இது போதும்." போதும் என்றுதான் அவளும் ஓட்டினாள். ஆனால் பயணம் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒரு முறை பை தேர்வு முடியவில்லை, ஒரு முறை விளக்கு. இந்தத் தடவை கூட வேலை பார்க்கிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாற்றி வாங்கியிருந்தாள். இனி யாரிடமும் கேட்க முடியாது.

துணைக்கு அவளுடைய தம்பி வருவதாக ஏற்பாடு. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். அவனிடம் இருந்த பம்பை மாஸ்டர் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இந்தச் சனியனை எங்கூட எடுத்துட்டு வராத. மானம் போயிடும். பம்பு என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். கிளம்புகிறதுக்கு முந்தின நாள் சாமான் கட்டும்போது, தன் பையிலிருந்த மாற்று டியூபையும் எடுத்து வெளியே வைத்தார். இவ்வளவு நல்ல பம்பு இருக்கும்போது மாற்று டியூப் எதற்காம். மனைவி தன் பையை இழுத்துக் கட்டினாள். தராசு மறுபடி சமையலறைக்கு வந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

விடிந்தது. தம்பி வாசலில் வந்து மணியடித்தான். மாஸ்டர் கூடத்தில் கையுறை மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை காற்றைச் சரிபார்க்கிறேன் என்று கறுப்புப் பம்பை மாட்டி நாலு குத்து குத்தினார். வால்வு அடியோடு பிய்ந்து, பம்போடு சேர்ந்து அவர் கைக்கு வந்தது. டயர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

தம்பி உள்ளே வந்து குனிந்து பார்த்தான். "மாமா, டியூப் போச்சு. அந்த மாத்து டியூபு?"

மாற்று டியூபை முந்தின நாளே காப்பிக் கடை நண்பர் ஒருவருக்குத் தானம் பண்ணியாகிவிட்டது. தம்பி கொண்டுவந்திருந்த டியூப்கள் அவருடைய ஒல்லிச் சக்கரத்துக்குச் சேராது.

"பரவால்ல மாமா. கடை திறந்ததும் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு வாங்க. நாங்க மெதுவா போறோம், பொழுது சாயுறதுக்குள்ள பிடிச்சிடலாம்."

"டியூபுன்னா சும்மா எதையாவது வாங்கிட முடியுமா மாப்ள?" என்றார் மாஸ்டர். "தடிமன் பாக்கணும், வெயிட்டு பாக்கணும். நாலு வாங்கி ஓட்டிப் பாத்துதான் எடுக்கணும். அடுத்த மாசம் வச்சுக்கலாம்."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வருத்தம் மருந்துக்குக்கூட இல்லை. பரீட்சை தள்ளிப்போன பையன் முகம் மாதிரி தெளிந்து கிடந்தது. இந்த மனுஷன் எந்தக் காலத்திலும் அந்தப் பாலத்தைத் தாண்டப் போவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் தாண்டித் தாண்டி நடந்தது அந்தப் போர்வையைத்தான்.

"நாங்க கிளம்புறோம்" என்றாள்.

"நாங்கன்னா?"

"நானும் தம்பியும்."

கதவோரம் நின்ற, அவர் கழித்துப் போட்ட சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டி விட்டாள். அதுவரை பதறாத மாஸ்டர் இப்போது பதறிப்போனார். "இரு, இரு! உங்கிட்டயும் பம்பு இல்ல, அவங்கிட்டயும் இல்ல. வழியில காத்து போச்சுன்னா என்ன செய்வே?"

நியாயமான கேள்விதான். அவள் நின்றாள். மாஸ்டர் கறுப்புப் பம்பில் ஒட்டிக்கொண்டிருந்த வால்வைத் திருகி எடுத்துப் போட்டார். சட்டை நுனியால் பம்பைத் துடைத்து அவளிடம் நீட்டினார். அவளும் கையை நீட்டினாள்.

பம்பு பாதி தூரத்தில் நின்றது. மாஸ்டர் அதைப் பார்த்தார், நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, போர்வையின் ஓரத்திலிருந்து நீலப் பம்பை எடுத்து, கழன்ற கைப்பிடியைச் செருகி அவள் கையில் வைத்தார்.

"உனக்கு இது போதும்."

கறுப்புப் பம்பை அவள் தைத்துக் கொடுத்த உறைக்குள் விட்டு, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடி, மேலே இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.